தன்னைத் தானே அளக்கும் இணைய ஆட்சி: ஐகேன் மறுஆய்வுகளும் பொறுப்புக்கூறலும்

இணையத்தின் பெயர்களையும் எண்களையும் தொழில்நுட்ப விதிகளையும் பேணும் அமைப்புகள் எந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் கணக்குக் காட்டுவதில்லை. அவற்றுக்குப் பங்குதாரர்கள் இல்லை. மக்கள் வாக்களிக்கும் பொதுத் தேர்தலும் இல்லை. ஆனாலும் அவற்றின் முடிவுகள் உலகில் இணையத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரையும் தொடுகின்றன. எந்த டொமைன் பெயர் இருக்கலாம், அதை யார் விற்கலாம், அதன் உரிமையாளரைப் பற்றிய விவரங்களை யார் பார்க்கலாம் என்பனவெல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. இத்தகைய அமைப்புகளை யார் கேள்வி கேட்பது என்ற வினாவுக்குக் கடந்த கால் நூற்றாண்டில் கிடைத்த முதன்மையான விடை, மறுஆய்வு. குறிப்பிட்ட கால இடைவெளியில் அமைப்பே ஒரு குழுவை அமைத்துத் தன் செயல்பாட்டை அளந்து, பரிந்துரைகளைப் பெற்று, அவற்றை நிறைவேற்றியதாக அறிவிக்கும் முறை இது.

இம்முறையை மிக விரிவாக வளர்த்தெடுத்தது, இணையப் பெயர், எண் ஒதுக்கீட்டை ஒருங்கிணைக்கும் நிறுவனமான ஐகேன். எனவே அதன் வரலாற்றை மையமாக வைத்து, பிற அமைப்புகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்க ஆண்டுகள்: கணக்குக் கேட்டவர் அமெரிக்க அரசு

இணையத்தின் பெயர், எண் ஒதுக்கீட்டுப் பணியை நெடுங்காலம் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் போஸ்டல் கவனித்துவந்தார். ஐயானா என்று அழைக்கப்பட்ட அந்தப் பணியை நிறுவனமயமாக்க 1998 செப்டம்பர் 30 அன்று ஐகேன் கலிஃபோர்னியாவில் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவுசெய்யப்பட்டது. அடுத்த மாதமே போஸ்டல் காலமானார். நவம்பரில் அமெரிக்க வணிகத் துறையுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பின்னர், ஒப்பந்தத்தில் குறித்த பணிகள் எந்த அளவில் முடிந்தன என்று அத்துறைக்கு அறிக்கை அளிப்பதே ஐகேனின் பொறுப்புக்கூறலாக இருந்தது.

பயனாளர்களை நேரடியாக ஈடுபடுத்தும் முயற்சி ஒன்றும் நடந்தது. 2000-ஆம் ஆண்டில் உலகின் ஐந்து வட்டாரங்களிலிருந்து ஐந்து இயக்குநர்கள் இணையவழி வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; சுமார் 34,000 பேர் வாக்களித்தனர். வட அமெரிக்காவிலிருந்து தேர்வான கார்ல் அவர்பாக், இயக்குநர் என்ற முறையில் நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்வையிடக் கேட்டார். நிர்வாகம் நிபந்தனைகள் விதித்ததால் அவர் நீதிமன்றம் சென்றார். 2002-இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நடந்த சீர்திருத்தத்தில் நேரடித் தேர்தல் முறை கைவிடப்பட்டது. வாக்குச் சீட்டு போன இடத்தை நிரப்ப வேறு வழி தேவைப்பட்டது. மறுஆய்வு அந்த இடத்துக்குப் படிப்படியாக வந்து சேர்ந்தது.

2007-இல் லண்டனைச் சேர்ந்த ஒன் வேர்ல்ட் டிரஸ்ட் ஐகேனின் வெளிப்படைத்தன்மையையும் பொறுப்புக்கூறலையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஐகேனே அமர்த்திய வெளியார் ஆய்வு அது. ஆனால் அத்தகைய ஆய்வைத் தொடர்ந்து நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை.

2009 உறுதிமொழி: நான்கு மறுஆய்வுகள்

2009 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க வணிகத் துறையும் ஐகேனும் ஓர் உறுதிமொழி ஆவணத்தில் கையெழுத்திட்டன. அமெரிக்க அரசு மட்டும் கணக்குக் கேட்கும் நிலை மாறி, இணையச் சமூகத்திலிருந்து தேர்வாகும் குழுக்கள் கணக்குக் கேட்கும் நிலை அதனால் உருவானது. நான்கு துறைகளில் மறுஆய்வு கட்டாயமாக்கப்பட்டது: பொறுப்புக்கூறலும் வெளிப்படைத்தன்மையும்; டொமைன் பெயர் அமைப்பின் பாதுகாப்பும் நிலைத்தன்மையும்; போட்டி, நுகர்வோர் நம்பிக்கை, நுகர்வோர் தெரிவு; டொமைன் உரிமையாளர் விவரங்களைத் தரும் ஹூயிஸ் சேவை.

முதல் பொறுப்புக்கூறல் மறுஆய்வுக் குழு 2010 டிசம்பர் 31 அன்று 27 பரிந்துரைகளுடன் அறிக்கை அளித்தது. அதற்குத் துணையாக ஹார்வர்டின் பெர்க்மன் மையம் ஆய்வு ஒன்றை நடத்தியது. இக்குழுவின் வேலை கண்கூடான மாற்றங்களைக் கொண்டுவந்தது. இயக்குநர் குழு ஒரு தீர்மானத்தை ஏன் எடுத்தது என்ற காரணத்தை வெளியிடும் வழக்கம் வலுப்பட்டது. அரசுகளின் ஆலோசனைக் குழு சொன்ன கருத்துகளையும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களையும் பதிவேட்டில் குறிக்கும் முறை வந்தது. இரண்டாம் குழு 2013 இறுதியிலும், மூன்றாம் குழு 2020-இலும் அறிக்கை தந்தன.

2016: உறுதிமொழி விதியாகிறது

2014 மார்ச் 14 அன்று அமெரிக்க அரசு ஐயானா பணிகள் மீதான தன் மேற்பார்வையை விட்டுவிடப்போவதாக அறிவித்தது. அமெரிக்கா விலகினால், ஐகேன் தடம் மாறும்போது பிடித்து நிறுத்துவது யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதற்கு விடை காணும் பொறுப்பு, பல தரப்பினரும் அடங்கிய ஒரு பணிக்குழுவிடம் வந்தது. இரண்டு ஆண்டு உழைப்பின் பயனாக 2016 மே 27 அன்று புதிய நிறுவன விதிகள் ஏற்கப்பட்டன. மாற்றத்தைத் தடுக்கக் கோரி அமெரிக்காவின் நான்கு மாநிலங்கள் தொடுத்த வழக்கில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. அக்டோபர் 1 அன்று மேற்பார்வை ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அதன் பிறகான முதல் ஐகேன் பொதுக்கூட்டம் 2016 நவம்பரில் ஹைதராபாத்தில் நடந்தது.

புதிய விதிகளில் இரண்டு தூண்கள் உள்ளன. முதலாவது, அதிகாரம் பெற்ற சமூகம் என்ற சட்ட அமைப்பு. முகவரி, நாட்டுக் குறியீட்டுப் பெயர்கள், பொதுப் பெயர்கள் ஆகியவற்றுக்கான மூன்று துணை அமைப்புகளும், பயனாளர் ஆலோசனைக் குழுவும், அரசுகளின் ஆலோசனைக் குழுவும் இதில் பங்கேற்கின்றன. வரவு செலவுத் திட்டத்தை நிராகரிக்கவும், அடிப்படை விதித் திருத்தத்துக்கு ஒப்புதல் தரவும் மறுக்கவும், இயக்குநர்களை நீக்கவும் இதற்கு உரிமை உண்டு. 2017-இல் ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தில் அடிப்படை விதித் திருத்தம் ஒன்றின் மீது இச்சமூகம் முதன்முறையாகத் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியது.

இரண்டாவது தூண், மறுஆய்வு. 2009 உறுதிமொழியின் நான்கு மறுஆய்வுகளும் நிறுவன விதிகளுக்குள்ளேயே எழுதப்பட்டன. போட்டி, நுகர்வோர் நம்பிக்கை பற்றிய மறுஆய்வு நீங்கலாக மற்றவை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். ஒரு குழுவில் 21 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். அவர்களைத் தெரிவுசெய்வது துணை அமைப்புகளின், ஆலோசனைக் குழுக்களின் தலைவர்கள். வரைவு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படும். இறுதி அறிக்கை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் இயக்குநர் குழு அதைப் பரிசீலித்து முடிவு செய்ய வேண்டும். ஏற்காத பரிந்துரைக்கு எழுத்துமூலம் காரணம் சொல்ல வேண்டும். இவற்றோடு, ஒவ்வொரு துணை அமைப்பையும் வெளியார் ஆய்வு நிறுவனம் ஒன்று தனியாக மதிப்பிடும் அமைப்புசார் மறுஆய்வும் உண்டு. அரசுகளின் ஆலோசனைக் குழுவுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

காகிதத்தில் பார்த்தால், தன்னைத் தானே இந்த அளவுக்குக் கேள்விக்கு உட்படுத்திக்கொள்ளும் அமைப்புகள் உலகில் அரிது.

பரிந்துரையிலிருந்து நிறைவேற்றத்துக்கு: மூன்று பாடங்கள்

மறுஆய்வு முறையின் உண்மையான வலிமை, பரிந்துரை கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் தெரியும். இதற்கு ஹூயிஸ் மறுஆய்வு முதல் எடுத்துக்காட்டு. 2012 மே மாதத்தில் முதல் குழு 16 பரிந்துரைகளைத் தந்தது. அவை அனைத்தையும் முழுமையாக நிறைவேற்றிவிட்டதாக ஐகேன் நிர்வாகம் பின்னர் அறிவித்தது. 2019 செப்டம்பரில் அறிக்கை தந்த இரண்டாம் குழு அதே 16-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தது. எட்டு முழுமையாக நிறைவேறியிருந்தன. ஏழு பகுதியளவே நிறைவேறியிருந்தன. ஒன்று நிறைவேறவே இல்லை. நிறைவேற்றியவரே நிறைவேறியது என்று சான்று தரும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவீடு கிடையாது. இடையில், 2018 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்து ஹூயிஸின் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. ஆண்டுக்கணக்கில் நீளும் மறுஆய்வு, அது ஆராயும் பொருளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமற் போவதையும் இது காட்டியது.

இரண்டாவது, பாதுகாப்பு மறுஆய்வு. முதல் குழு 2012-இல் 28 பரிந்துரைகள் தந்தது. இரண்டாம் குழு 2017-இல் பணி தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில், குழுவின் பணி எல்லை, திறன்கள் பற்றி எழுந்த கவலைகளைக் காரணம் காட்டி இயக்குநர் குழு அதன் வேலையை நிறுத்திவைத்தது. ஆய்வுக்கு உள்ளாகும் தரப்பே ஆய்வாளரை நிறுத்தலாமா என்ற கடும் விவாதம் அப்போது கிளம்பியது. மறு ஆண்டு பணி மீண்டும் தொடங்கி, 2021 ஜனவரியில் 63 பரிந்துரைகளுடன் அறிக்கை வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் இயக்குநர் குழு அவற்றில் 13-ஐ ஏற்றது, 16-ஐ நிராகரித்தது, 34-ஐ நிலுவையில் வைத்தது.

மூன்றாவது, போட்டி, நுகர்வோர் நம்பிக்கை பற்றிய மறுஆய்வு. 2012-இல் புதிய பொதுப் பெயர்களுக்கு ஐகேன் விண்ணப்பம் கோரியபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,85,000 டாலர். இந்த விரிவாக்கத்தால் நுகர்வோருக்கு நன்மை விளைந்ததா என்று ஆராய்ந்த குழு 2018 செப்டம்பரில் 35 பரிந்துரைகள் தந்தது. விலை போன்ற அடிப்படைத் தரவுகளே போதிய அளவில் கிடைக்கவில்லை என்பது அதன் முக்கியமான முறையீடு. அளப்பதற்கு வேண்டிய எண்களை முன்கூட்டியே திரட்டாமல் ஒரு பெரும் திட்டத்தைத் தொடங்கினால், பின்னர் நடக்கும் ஆய்வு ஊகத்திலேயே நிற்கும். 2019 மார்ச்சில் இயக்குநர் குழு ஆறு பரிந்துரைகளை ஏற்றது. மற்றவற்றை நிலுவையில் வைத்தது அல்லது பிற சமூகக் குழுக்களுக்கு அனுப்பிவைத்தது.

நிலுவை என்ற இந்த மூன்றாம் வகை கவனத்துக்குரியது. ஆறு மாதக் கெடு, ஏற்பு அல்லது காரணத்துடன் நிராகரிப்பு என்ற தெளிவான விடையைப் பெறுவதற்காக வந்தது. செலவும் சாத்தியமும் தெரியாமல் ஒரு பரிந்துரையை ஏற்க முடியாது என்ற இயக்குநர் குழுவின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிலுவைக்குக் கெடு இல்லாதபோது, விதியின் சொல் காக்கப்பட்டு அதன் நோக்கம் நழுவிவிடுகிறது.

மறுஆய்வுகளின் சுமை

2017 முதல் 2020 வரையான ஆண்டுகளில் பல மறுஆய்வுகள் ஒரே காலத்தில் நடந்தன. அவற்றில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். ஒரே சிறு வட்டத்தைச் சேர்ந்தவர்களே குழுவுக்குக் குழு உழைக்க வேண்டியிருந்தது. பரிந்துரைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அவற்றை நிறைவேற்றும் ஆட்களும் பணமும் அந்த அளவுக்கு வளரவில்லை. 2016 மாற்றத்தின் தொடர்ச்சியாக 2018-இல் தயாரான இரண்டாம் கட்டப் பொறுப்புக்கூறல் அறிக்கையின் ஏறத்தாழ நூறு பரிந்துரைகளை இயக்குநர் குழு ஏற்கவே 2019 நவம்பர் ஆயிற்று.

2020-இல் மூன்றாம் பொறுப்புக்கூறல் குழு இச்சுமையையே தன் ஆய்வின் மையமாக்கியது. முந்தைய குழுவின் பரிந்துரைகளில் நிறைவேறியதாகச் சொல்லப்பட்டவை சில உண்மையில் நிறைவேறவில்லை என்று அதுவும் கண்டது. ஆகவே, நீண்ட பட்டியலுக்குப் பதில் ஐந்தே பரிந்துரைகளை முன்வைத்தது. பாதுகாப்பு, ஹூயிஸ் மறுஆய்வுகளை நிறுத்திவைக்கலாம்; அமைப்புசார் மறுஆய்வுகளுக்குப் பதிலாகத் தொடர் மேம்பாட்டுத் திட்டம் வர வேண்டும்; ஐகேனின் அமைப்புகள் அனைத்தையும் ஒருசேரப் பார்க்கும் முழுமை மறுஆய்வு ஒன்று வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். முழுமை மறுஆய்வை முன்னோட்டமாக நடத்தும் முயற்சியே பணி எல்லை குறித்த விவாதத்தில் நீண்டது. நான்காம் பொறுப்புக்கூறல் மறுஆய்வு தள்ளிப்போனது. 2025-இல், மறுஆய்வு முறையையே மறுஆய்வு செய்யும் பணி தொடங்கியது.

முறையீட்டு வழிகள்

மறுஆய்வு பொதுவான குறைகளைத் திருத்தும். தனிப்பட்ட தவறால் பாதிக்கப்பட்டவருக்கு வேறு வழி வேண்டும். ஐகேனில் மூன்று வழிகள் உள்ளன: இயக்குநர் குழுவிடமே மறுபரிசீலனை கோருவது, குறைகேள் அதிகாரியை அணுகுவது, சுதந்திர நடுவர் விசாரணை கோருவது.

நடுவர் விசாரணையின் முதல் தீர்ப்பு, டாட் எக்ஸ்எக்ஸ்எக்ஸ் பெயருக்கு விண்ணப்பித்த ஐசிஎம் நிறுவனத்தின் வழக்கில் 2010 பிப்ரவரியில் வந்தது. சர்வதேச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் ஸ்டீஃபன் ஷ்வேபெல் தலைமையிலான குழு, விண்ணப்பத்தை ஐகேன் நிராகரித்த விதம் அதன் சொந்த விதிகளுக்கு முரணானது என்று பெரும்பான்மையாகக் கண்டது. அன்று அத்தீர்ப்பு ஐகேனைக் கட்டுப்படுத்தாது, ஆலோசனை மட்டுமே. இருந்தும் 2011-இல் அப்பெயர் அனுமதி பெற்றது. டாட் ஆப்பிரிக்கா வழக்கில் 2015-இலும், 13.5 கோடி டாலருக்கு ஏலம் போன டாட் வெப் வழக்கில் 2021-இலும் நடுவர்கள் ஐகேனின் நடத்தையில் குறை கண்டனர். 2016 விதிகளின்படி இத்தகைய தீர்ப்புகள் ஐகேனைக் கட்டுப்படுத்தும். விசாரணையின் நிர்வாகச் செலவை ஐகேனே ஏற்கிறது. ஆனாலும் வழக்கறிஞர் செலவைத் தாங்கக்கூடிய நிறுவனங்களே இதுவரை பெரும்பாலும் இவ்வழியை நாடியுள்ளன. விதிகள் கோரிய நிலையான நடுவர் குழுவை அமைக்கவும் பல ஆண்டுகள் பிடித்தன.

வெளியிலிருந்து வரும் கேள்விக்கும் இடம் உண்டு என்பதை டாட் ஆர்க் விவகாரம் காட்டியது. 2019 நவம்பரில் இலாப நோக்கற்ற அமைப்பான இன்டர்நெட் சொசைட்டி, டாட் ஆர்க் பெயரை நடத்தும் பொதுநல நிறுவனத்தை ஈதோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக அறிவித்தது. தொண்டு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. கலிஃபோர்னிய அரசுத் தலைமை வழக்கறிஞர் ஐகேனுக்குக் கடிதம் எழுதினார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகேன் ஒப்புதல் மறுத்தது. ஐந்தாண்டுச் சுழற்சியில் வரும் எந்த மறுஆய்வும் இவ்வளவு விரைவாக ஒரு முடிவை மாற்றியதில்லை.

அளவிடக்கூடிய பணிகளில் கிடைத்த வெற்றி

தொழில்நுட்பப் பணிகளில் நிலைமை வேறு. டொமைன் பெயர்களின் மேல்நிலைப் பட்டியலான வேர் மண்டலத்தில் மாற்றங்களைச் செய்யும் ஐயானா பணியை 2016 முதல் ஐகேனின் துணை நிறுவனமான பிடிஐ நடத்துகிறது. அதன் சேவையைப் பயன்படுத்தும் டொமைன் பெயர்ப் பதிவகங்களின் பிரதிநிதிகள் அடங்கிய வாடிக்கையாளர் நிலைக்குழு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தை ஒப்புக்கொண்ட அளவுகோல்களோடு ஒப்பிட்டு மாதந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. டொமைன் பெயர் அமைப்பின் மூலச் சாவியைப் பயன்படுத்தும் சடங்குகள், வெளியார் சாட்சிகள் முன்னிலையில் காணொளியாக ஒளிபரப்பாகின்றன. 2017 அக்டோபரில் அந்தச் சாவியை முதன்முறையாக மாற்றத் திட்டமிட்டிருந்தபோது, சில வலையமைப்புகள் ஆயத்தமாகவில்லை என்று தரவுகள் காட்டின. ஐகேன் மாற்றத்தை ஓராண்டு தள்ளிவைத்து 2018 அக்டோபர் 11 அன்று சிக்கலின்றி முடித்தது.

இங்கே பொறுப்புக்கூறல் வேலை செய்வதற்குக் காரணங்கள் எளியவை. அளவுகோல் முன்பே வகுக்கப்பட்டது. அளப்பவர் சேவையைப் பெறுபவர். முடிவு உடனுக்குடன் வெளியாகிறது. இதற்கு மாறாக, 13 வேர் வழங்கி முகவரிகளை நடத்தும் 12 அமைப்புகள் வரலாற்றுக் காரணங்களால் அப்பணியைப் பெற்றவை. அவற்றில் ஒன்று கடமை தவறினால் அகற்றுவதற்கான வழி வகுக்கப்படாமலே இருந்தது. வேர் வழங்கி ஆலோசனைக் குழு 2018-இல்தான் அதற்கான முன்மாதிரி ஒன்றை முன்வைத்தது.

பிற அமைப்புகள்

ஐபி முகவரிகளை ஒதுக்கும் ஐந்து வட்டாரப் பதிவகங்களும் உறுப்பினர்களுக்குப் பொறுப்பானவை. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான ஏப்நிக், உறுப்பினர்களின் கருத்தை வெளியார் நிறுவனத்தைக் கொண்டு முறையாக அறிந்து அதன் அடிப்படையில் திட்டமிடுகிறது. ஆப்பிரிக்காவின் ஆஃப்ரிநிக் இதற்கு எதிர்முனை. உறுப்பினர் நிறுவனம் ஒன்றுடன் எழுந்த வழக்குகள் மொரிஷியஸ் நீதிமன்றங்களில் நீண்டன. இயக்குநர் குழு செயலிழந்தது. 2023-இல் நீதிமன்றம் நிர்வாகப் பொறுப்பாளரை அமர்த்தியது. 2025 ஜூனில் நடந்த தேர்தல் செல்லாததாக அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில்தான் புதிய குழு தேர்வானது. 2001-இல் எழுதப்பட்ட பதிவக அங்கீகார விதியில், ஒரு பதிவகம் தடுமாறினால் என்ன செய்வது என்பதற்குத் தெளிவான விடை இல்லை. அவ்விதியைத் திருத்தி எழுதும் பணி இப்பின்னணியில் நடக்கிறது.

தொழில்நுட்ப நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப், ஐகேனைப் போல் மறுஆய்வுக் குழுக்களை அமைப்பதில்லை. ஒவ்வொரு முடிவையும் படிப்படியாக மேல்முறையீடு செய்யும் உரிமையும், பொறுப்பில் இருப்பவரைத் திரும்ப அழைக்கும் நடைமுறையும் அங்கே உள்ளன. 2004-இல் தன் குறைகளைத் தானே தொகுத்து ஓர் ஆவணமாக வெளியிட்டது. ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றத்துக்கோ முடிவெடுக்கும் அதிகாரமே இல்லை. 2006-இல் ஏதென்ஸில் தொடங்கிய அம்மன்றம் தொடர வேண்டுமா என்பதை ஐ.நா. பொதுச்சபை குறித்த கால அளவில் ஆராய்ந்தது. ஆயுள் நீட்டிப்பே அதன் மறுஆய்வாக அமைந்தது.

தமிழ்ப் பயனாளருக்கு இதன் பொருள்

டாட் இலங்கை, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் ஆகியவை தமிழ் எழுத்திலேயே வேர் மண்டலத்தில் இடம் பெற்றுள்ளன. அங்கே தமிழ் எழுத்துப் பெயர்கள் எப்படி அமையலாம் என்ற விதிகளும் ஐகேன் நடைமுறையில், மொழி வல்லுநர்கள் அடங்கிய குழுவால் வகுக்கப்பட்டவை. வரைவு அறிக்கைகள் பொதுக் கருத்துக்கு வரும்போது யாரும் பதில் அனுப்பலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. இவ்வுரிமை பயன்படுத்தப்படாவிட்டால், தமிழ்ப் பயனாளரின் தேவை அறிக்கையில் இடம்பெறாது.

மதிப்பீடு

கேள்வி கேட்கும் ஏற்பாட்டில் இணைய ஆட்சி அமைப்புகள் வெகுதூரம் வந்திருக்கின்றன. ஆவணங்கள் திறந்திருக்கின்றன, காரணங்கள் வெளியாகின்றன, விதிகள் கெடு விதிக்கின்றன. குறை இருப்பது விடையைச் சரிபார்க்கும் இடத்தில். மூன்று திருத்தங்கள் இன்றியமையாதவை. பரிந்துரை நிறைவேறியதா என்ற சான்றை நிறைவேற்றியவர் தரக் கூடாது. அதைப் பரிந்துரைத்த குழுவோ வெளியாரோ தர வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையும் அளவுகோல், செலவு மதிப்பீடு, காலக்கெடு ஆகிய மூன்றோடு வர வேண்டும். அதற்கேற்ப எண்ணிக்கை குறைய வேண்டும். நிலுவையில் வைக்கப்படுவதற்கும் கெடு வேண்டும்; அது கடந்தால் ஏற்பா மறுப்பா என்ற முடிவு கட்டாயமாக வேண்டும். மறுஆய்வு முறையே மறுஆய்வுக்கு வந்திருக்கும் இந்த வேளையில், சுமை குறைப்பு என்ற பெயரில் கேள்விகள் குறைக்கப்பட்டால் 2016-இல் அமெரிக்க மேற்பார்வைக்கு ஈடாகத் தரப்பட்ட வாக்கு வெறும் எழுத்தாகும். குறைய வேண்டியது பரிந்துரைகளின் எண்ணிக்கை. கூட வேண்டியது அவற்றைச் சரிபார்க்கும் கண்டிப்பு.